பேசாமல் நிற்கும் கட்டளை

2017 ஜனவரி 31 இரவு. நிரல் களஞ்சியங்களைப் பராமரிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டு தரவுத்தள சர்வர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதன்மை சர்வரில் உள்ள தரவின் பிரதியை எப்போதும் வைத்திருக்க வேண்டிய துணை சர்வர், அன்று ஏறிய சுமையில் பின்தங்கிவிட்டது. பிரதியை முதலிலிருந்து எடுத்தாக வேண்டும். அதற்கென்றே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பிஜி பேஸ்பேக்கப் என்ற கருவி வருகிறது. அதை ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. விரிவான தகவல் தரும்படி கேட்கும் தெரிவைச் சேர்த்து ஓட்டியும் அப்படியே நின்றது.

உண்மையில் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும் வரை அந்தக் கருவி சத்தமில்லாமல் காத்திருக்கும். அதன் இயல்பு அது. அந்த நேரத்தில் அங்கே இருந்தவருக்கு இது தெரியாது. முந்தைய முயற்சிகளில் மிஞ்சிய கோப்புகள் குறுக்கே நிற்கின்றன என்று ஊகித்தார். துணை சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடிவு செய்தார். அழிக்கும் கட்டளை ஓடியதோ முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் தவறு புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். வழக்கமான பேக்கப் எடுக்கப்பட்டிருக்கவே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. நிரல் களஞ்சியங்கள் தப்பின. சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின.

கிட்லேப் எதையும் மறைக்காமல் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அந்தக் கருவி சத்தமில்லாமல் காத்திருக்கும் என்பது நிறுவனத்தின் உள் கையேட்டிலும் தெளிவாக இல்லை. போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை. இன்று அந்த ஆவணத்தைத் திறந்தால், பேக்கப்பின் தொடக்கத்தில் கருவி சும்மா இருப்பதுபோலத் தோன்றும் என்றும், அதற்கு என்ன காரணம் என்றும் குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறது. அந்த இரவில் தேவைப்பட்டது அந்த இரண்டு வரிதான்.

மென்பொருள் ஆவணத்தின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியை இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பிஜி பேஸ்பேக்கப்பின் ஆவணம் மோசமானதல்ல. போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் துல்லியத்துக்குப் பெயர் பெற்றவை. ஒவ்வொரு தெரிவும் அதில் விளக்கப்பட்டிருக்கும். மொழி சரியாக இருக்கிறதா, எல்லாத் தெரிவுகளும் வந்துவிட்டனவா, எடுத்துக்காட்டுகள் உண்டா என்று பட்டியல் வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அது முதல் வகுப்பில் தேறியிருக்கும். எழுதப்பட்டதை மட்டும் வைத்து மதிப்பிட்டால், எழுதப்படாமல் போன வாக்கியம் கண்ணிலேயே படாது.

மாறிப்போன வாசகர்

இப்போது அந்த மாதிரி வேலைகளில் பலவற்றைச் செய்ய மனிதருக்குப் பதிலாக ஏஐ முகவரை அமர்த்துகிறார்கள். முகவர் என்பது ஒரு பெரிய மொழி மாதிரி. அதற்குக் கட்டளைகளை ஓட்டும் வசதி கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டளையை ஓட்டும், வந்த விடையைப் படிக்கும், அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கும், மறுபடி ஓட்டும். யோசிப்பதையும் செய்வதையும் மாறி மாறி வைக்கும் இந்த முறை 2022ல் வெளியான ரியாக்ட் என்ற ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகு பரவலானது. புதிய கருவி ஒன்றைக் கையாள வேண்டுமென்றால் முகவர் அதன் ஆவணத்தைப் படிக்கும். படித்ததை நம்பும்.

மனித வாசகர் இப்படியில்லை. ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கேரல் 1980களில் செய்த ஆய்வுகள், புதிதாகக் கணினி கற்பவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை என்று காட்டின. அவர்கள் நேரே வேலையில் குதிக்கிறார்கள், தடுமாறுகிறார்கள், பிறகுதான் கையேட்டைப் புரட்டுகிறார்கள். அதனால் கேரலின் குழு கையேட்டைப் பெரிதும் சுருக்கி, தவறு நேர்ந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மீள்வது என்பதற்கு இடம் ஒதுக்கியது. சுருங்கிய கையேட்டைக் கொண்டு மக்கள் விரைவாகக் கற்றார்கள்.

தவறுக்கும் குறைக்கும் இடம் ஒதுக்கும் வழக்கம் அதைவிடப் பழையது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில், ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய பக்கத்தில் அது தரும் பிழைச்செய்திகளுக்கு ஒரு தலைப்பும், அதன் குறைகளுக்கு ஒரு தலைப்பும் இருந்தன. கட்டளையை எழுதியவரே அதன் குறையையும் அங்கேயே எழுதினார். இன்றைய பல கருவிகளின் ஆவணங்கள் விளம்பரப் பக்கத்தில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் ஓடவைக்கும் வழிகாட்டியில் முடிந்துவிடுகின்றன. கருவி எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ள மூலநிரலைத்தான் தோண்ட வேண்டியிருக்கிறது. இது எனக்கு வருத்தமளிக்கும் பின்னடைவு.

மனிதருக்கு ஆவணத்தில் ஓட்டை இருந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார். முகவர் அந்த ஓட்டையைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடும். ஊகிக்கிறோம் என்ற தயக்கம் அதன் நடையில் பெரும்பாலும் தெரியாது. 2024ல் வெளிவந்த ஓர் ஆய்வு 16 மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல்துண்டுகளை எழுதவைத்தது. அவை பரிந்துரைத்த நிரல் தொகுப்புகளில் கணிசமானவை உலகத்தில் எங்கும் இல்லாதவை: வணிக மாதிரிகளில் சராசரியாக 5.2 சதவீதம், திறந்த மாதிரிகளில் 21.7 சதவீதம். இல்லாத தொகுப்பின் பெயர் இருக்கும் தொகுப்பின் பெயரைப் போலவே இயல்பாக ஒலிக்கும். அந்தப் பெயரில் தீய நிரலை யாராவது பதிவேற்றிவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டளை பேசாமல் நிற்கும்போதும் இதே சிக்கல்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ல் எஸ்டபிள்யூஇ ஏஜென்ட் என்ற முகவரை வடிவமைத்தபோது ஒரு சின்னஞ்சிறு ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு கட்டளை எந்த வெளியீடும் தராமல் முடிந்தால், அது வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை என்று முகவருக்குத் தனியே சொல்லிவிடுவார்கள். மௌனத்தை மௌனமாக விட்டால் முகவர் குழம்பிப்போகக்கூடும். கிட்லேபின் அந்த இரவை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே மருந்துதான் தேவைப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

எதைத் தூக்கிச் செல்லாது?

இனி ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மென்பொருள் நிறுவனங்களில் நிரலை யாராவது மாற்றியதும் அதைத் தொகுத்து, சோதித்து, சர்வருக்கு அனுப்பும் வேலைகள் தானாகவே நடக்கும். இந்தத் தொடரைப் பைப்லைன் அல்லது பணித்தொடர் என்பார்கள். ஜென்கின்ஸ் இதற்கான பழைய, மிகப் பரவலான மென்பொருள். 2011ல் ஹட்சன் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பெயர் பெற்றது. பல நிறுவனங்கள் இப்போது, இதே வேலையைச் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாறுகின்றன. நூற்றுக்கணக்கான பைப்லைன்களைக் கையால் மாற்றி எழுத முடியாது என்பதால் கிட்ஹப் நிறுவனம் ஆக்‌ஷன்ஸ் இம்போர்ட்டர் என்ற கருவியைத் தருகிறது. ஜென்கின்ஸ் மட்டுமின்றி, டிராவிஸ், சர்க்கிள், கிட்லேப், அஸூர் டெவ்ஆப்ஸ், பேம்பூ, பிட்பக்கெட் ஆகியவற்றிலிருந்தும் இது பைப்லைன்களைக் கொண்டுவரும்.

கருவியின் வேலை நான்கு கட்டளைகளில் அடங்குகிறது. ஆடிட் பழைய பைப்லைன்கள் அனைத்தையும் பார்த்து, எவ்வளவு மாற்ற முடியும் என்று அறிக்கை தரும். ஃபோர்காஸ்ட் பழைய ஓட்டங்களின் நேரத்தைக் கணக்கிட்டு, புதிய இடத்தில் எவ்வளவு பயன்பாடு வரும் என்று மதிப்பிடும். டிரை ரன் மாற்றிய கோப்பைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும், களஞ்சியத்தைத் தொடாது. மைக்ரேட் மாற்றியதை ஒரு புல் ரிக்வெஸ்டாக, அதாவது களஞ்சியத்தில் சேர்க்க ஒப்புதல் கேட்கும் கோரிக்கையாக, திறந்துவைக்கும். எதையும் தொடாத கட்டளைகளையும் தொடும் கட்டளையையும் இப்படித் தெளிவாகப் பிரித்தது முகவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஆவணம் அந்த வரிசையிலேயே நடத்திச் செல்கிறது. இதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன்.

ஆடிட் அறிக்கை பைப்லைன்களை நான்கு வகையாகப் பிரிக்கும்: முழுதும் மாறியவை, ஓரளவு மாறியவை, ஆதரவு இல்லாத வகையைச் சேர்ந்தவை, பிழையால் நின்றவை. ஒவ்வொரு பைப்லைனிலும் 80 சதவீதத்தை மாற்றுவது இலக்கு, ஆனால் உண்மையான விகிதம் அந்தந்த பைப்லைனின் அமைப்பைப் பொறுத்தது என்று ஆவணமே சொல்லிவிடுகிறது. எந்த மூலத்திலிருந்து மாற்றுகிறோமோ அதற்குரிய பக்கத்தில் வரம்புகள் என்றொரு பகுதி உண்டு. ரகசியச் சொற்களும் விசைகளும் தானாக மாறாது, சொந்த சர்வரில் ஓடும் ரன்னர்கள், அதாவது பணிகளை ஓட்டும் நிரல்கள், மாறாது, கருவிக்குத் தெரியாத ப்ளகின்கள் மாறாது. இவற்றை நீங்களே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வீடு மாற்றும்போது வண்டிக்காரர் கட்டிலையும் பீரோவையும் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கேஸ் இணைப்பையும் ரேஷன் கார்டையும் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதை வண்டி புறப்படும் முன்பே சொல்லிவிடும் ஆவணம் இது.

ஆனால் ஒரு நுணுக்கமான ஆபத்து மிச்சமிருக்கிறது. பழைய பைப்லைனில் உள்ள ஒரு படியை எப்படி மாற்றுவதென்று கருவிக்குத் தெரியாவிட்டால், அதைப் புதிய கோப்பில் கருத்துரையாக, அதாவது ஓடாத வரியாக, இதற்குப் பொருத்தமான மாற்றி இல்லை என்ற குறிப்போடு விட்டுவைக்கும். மனிதர் கோப்பைத் திறந்தால் கண்ணில் படும். முகவர் பெரும்பாலும் கோப்பைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறது. கருத்துரை ஓடாது, ஓடாதது தோற்காது. விட்டுப்போன படி பாதுகாப்புச் சோதனையாகவே இருந்தாலும் பணித்தொடர் பச்சைக் குறியோடு முடியும். இடமாற்றம் வெற்றி என்று முகவர் அறிவித்துவிடும். பிஜி பேஸ்பேக்கப்பில் நல்ல நிலை கெட்டதுபோலத் தோன்றியது. இங்கே கெட்ட நிலை நல்லதுபோலத் தோன்றுகிறது. பின்னதுதான் அதிகக் கேடு விளைவிப்பது, ஏனென்றால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே முகவருக்கான ஆவணத்தில், பச்சைக் குறி இடமாற்றம் முழுமையானதற்குச் சான்று ஆகாது, பழைய படிகளின் எண்ணிக்கையையும் புதிய படிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்ற வாக்கியம் மைக்ரேட் கட்டளைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நீண்ட உரையைக் கொடுத்தால் மாதிரிகள் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளதை நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று 2023ல் ஓர் ஆய்வு காட்டியது. எச்சரிக்கை ஒரு பக்கத்திலும் கட்டளை வேறொரு பக்கத்திலும் இருந்தால், முகவர் கட்டளை உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டுப் போய்விடலாம்.

முதல் வாசிப்பைத் திரும்பத் திரும்ப

கேரலுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஒரு கையேட்டைச் சோதிக்க, அதை முன்பு பார்த்திராத ஒருவர் தேவை. அவர் ஒருமுறை படித்துவிட்டால் அதன்பின் புதியவர் இல்லை. கையேட்டில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் வேறொருவரைத் தேட வேண்டும். இரண்டு பேருக்கும் அறிவிலும் பொறுமையிலும் வேறுபாடு இருக்கும். விளைவு மாறியது வரியாலா, ஆளாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

முகவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு ஓட்டமும் அதற்கு முதல் வாசிப்பு. ஒரே மொழி மாதிரி, ஒரே பணி, ஒரே சோதனைச் சூழல், ஆவணத்தில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வேறு என்று ஐம்பது முறை ஓட்டலாம். ஆவணத்தின் ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று சோதனை முறையில் கேட்க முடிகிற காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

இம்போர்ட்டரை வைத்தே அந்தச் சோதனையை வடிவமைக்கலாம். சில ஜென்கின்ஸ் பைப்லைன்களை எழுதிக்கொள்ளுங்கள்: எளிதாக மாறும் ஒன்று, ரகசிய விசை தேவைப்படும் ஒன்று, கருவிக்குத் தெரியாத ப்ளகின் உள்ள ஒன்று, சொந்த ரன்னரில் மட்டுமே ஓடக்கூடிய ஒன்று. சரியான முடிவு எது என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வரையறுத்துவிட வேண்டும். எளிதான பைப்லைனுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். மற்றவற்றுக்கு, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று மனிதரைக் கேட்பதுதான் சரியான முடிவு. பிறகு முகவர் சொல்வதைக் கேட்காமல், களஞ்சியத்தின் கடைசி நிலையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

சரியாக முடித்தது, சரியாக நின்றது, முடியாததை முடிந்ததாகச் சொன்னது என மூன்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். சராசரி வெற்றி விகிதம் என்ற ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. 90 சதவீதம் வெற்றி என்ற எண்ணுக்குள், மீதிப் பத்தில் எத்தனை அமைதியாகக் கெட்டன என்பது மறைந்துபோகும். இடமாற்றக் கருவிக்கு அந்த மூன்றாவது எண்தான் ஆவணத்தின் உண்மையான மதிப்பெண்.

அடுத்து, வரம்புகள் பகுதியை நீக்கிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். மூன்றாவது எண் உயர்ந்தால் அந்தப் பகுதி வேலை செய்கிறது. மாறாவிட்டால் அவசரப்பட்டு அது தேவையற்றது என்று முடிவு கட்டக்கூடாது. முகவர் அந்தப் பகுதியை எட்டவே இல்லை என்பது ஒரு சாத்தியம். மாதிரி தன் பயிற்சிக் காலத்திலேயே அதே ஆவணத்தைப் படித்து நினைவில் வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது, சோதனை முடிவையே புரட்டிப்போட வல்லது. புகழ்பெற்ற கருவியின் ஆவணம் நன்றாக எழுதப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் மாதிரி அதைத் திறந்துகூடப் பார்த்திருக்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆவணமே தராமல் ஓர் ஓட்டம் ஓட்டி, அதை அடித்தளமாக வைத்து ஒப்பிடலாம். அல்லது கருவியின் பெயரையும் தெரிவுகளின் பெயர்களையும் மாற்றி, மாதிரி முன்பு கேள்விப்பட்டிராத ஒன்றாக ஆக்கிவிட்டுச் சோதிக்கலாம். பெயர் மாறியதும் மதிப்பெண் சரிந்தால், அதுவரை நாம் அளந்தது மாதிரியின் நினைவாற்றலை.

இவ்வளவு பாடு எதற்கு, இன்னொரு மொழி மாதிரியிடமே ஆவணத்தைக் கொடுத்து மதிப்பெண் கேட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எளிதுதான். ஆனால் மாதிரிகளை நடுவராக வைப்பதைப் பற்றி 2023ல் வந்த ஆய்வு ஒன்று, அவை மனிதத் தீர்ப்போடு பெரும்பாலும் ஒத்துப்போனாலும் நீளமான விடைக்குச் சாய்கின்றன, எது முதலில் வைக்கப்பட்டதோ அதற்குச் சாய்கின்றன என்று கண்டது. நீண்ட ஆவணத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும் ஏற்பாடு, நல்ல ஆவணம் எழுதுவதற்கு எதிரான ஏற்பாடு. தவிர, எழுதப்படாத வாக்கியத்தைக் கண்டுபிடிக்க நடுவரால் முடியாது. கருவியை ஓட்டிப் பார்த்தால்தான் அது வெளிவரும். எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, வரும் விடை ஆவணத்தில் எழுதியிருக்கும் விடையோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் டாக்டெஸ்ட் என்ற வசதி பைதான் 2.1 பதிப்பிலேயே, 2001ல், வந்துவிட்டது. ஆவணத்தை ஓட வைத்துச் சோதிக்கும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆவணத்தை நம்பும் வாசகரை ஆவணத்தின் மூலமே ஏமாற்றலாம். படிக்கும் உரைக்குள் மறைந்திருக்கும் கட்டளையை முகவர் உரிமையாளரின் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் தாக்குதலுக்கு 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் சூட்டினார். இதுவரை முழுமையான தடுப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கத்தை முகவருக்கு ஆவணமாகக் கொடுப்பது, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், பாதுகாப்பற்றது.

இம்போர்ட்டரின் ஆவணத்தைப் பற்றி என் தீர்ப்பு இது: வரம்புகளை வெளிப்படையாகச் சொல்வதிலும், பார்க்கும் கட்டளையைத் தொடும் கட்டளையிலிருந்து பிரிப்பதிலும் மற்ற கருவிகளுக்கு முன்மாதிரி. ஓடாத வரியாக விடப்பட்ட படிகளை எப்படி எண்ணிச் சரிபார்ப்பது என்பதை மைக்ரேட் கட்டளையின் பக்கத்திலேயே ஒரு கட்டாயப் படியாக வைத்தால் முகவர்கள் கையிலும் நம்பிக் கொடுக்கலாம். அதுவரை உங்கள் முகவருக்கு ஆடிட், டிரை ரன் இரண்டுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். டிரை ரன் தரும் கோப்பில் மாற்றி இல்லை என்ற குறிப்பு எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை மைக்ரேட் கட்டளையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.